ஆய்வறிக்கையும் அரசாணையும்: காரிமங்கலம் பகுதியின் போக்குவரத்தை முன்வைத்து ஒரு மதிப்பாய்வு

1. கேள்வியும் களமும்

மக்களின் பயணமும் சரக்கின் நகர்வும் எங்கிருந்து எங்கே, எப்போது, எந்த ஊர்தியில், என்ன செலவில், எத்தகைய ஆபத்துக்கு இடையே நிகழ்கின்றன என்பதை அளந்து, அவற்றின் காரணங்களை விளக்கும் துறை போக்குவரத்து ஆய்வு எனப்படுகிறது. ஒரு சாலையை அகலப்படுத்துவது, ஒரு தடத்துக்குப் பேருந்து அனுமதி வழங்குவது, வேக வரம்பை நிர்ணயிப்பது, பயணக் கட்டணத்தை நீக்குவது என்று பொதுப்பணத்தையும் சட்டத்தையும் கொண்டு அரசோ அதன் அதிகாரம் பெற்ற அமைப்போ எடுக்கும் தீர்மானமே பொதுக்கொள்கை முடிவு. முன்னது பின்னதற்கு வழிகாட்ட வேண்டும் என்பதை மறுப்போர் இல்லை. ஆனால் எந்த ஆய்வு எந்த வழியாக முடிவாகிறது, எது அறிக்கையாகவே அலமாரியில் தங்கிவிடுகிறது, இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பவை தனியே ஆராயத்தக்க கேள்விகள்.

இக்கேள்விகளைப் பொதுவாகப் பேசுவதைவிட ஓர் ஊரை முன்வைத்துப் பேசுவது தெளிவு தரும். தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலம் ஒரு பேரூராட்சி. அதே பெயர் கொண்ட வட்டத்தின் தலைமையிடமும் அதுவே. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44, முன்பு 7 என்ற எண்ணைக் கொண்டிருந்த அதே சாலை, தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே இவ்வூரை ஒட்டிச் செல்கிறது. வாரச்சந்தைக்கும் அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் சுற்றுக் கிராமத்தினர் வருகிறார்கள். ஓசூர், பெங்களூரு ஆலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் இப்பகுதியினர் செல்கிறார்கள். ஆகவே இங்கே இருவகை இயக்கங்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன: ஊரைக் கடந்து நெடுந்தொலைவு ஓடும் லாரிகள், கார்கள், விரைவுப் பேருந்துகள் ஆகியவற்றின் நீளவாக்கு இயக்கம் ஒன்று, கிராமத்துக்கும் ஊருக்கும் இடையே நடந்தும், இருசக்கர வண்டியிலும், டவுன் பஸ்ஸிலும், ஷேர் ஆட்டோவிலும் நிகழும் குறுக்குவாக்கு இயக்கம் மற்றொன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களைக் கொண்ட தருமபுரி மாவட்டத்தில் நகர்ப்புறத்தில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே என்பதால், இரண்டாவது இயக்கமே பெரும்பான்மையோரின் அன்றாடம் என்று கொள்ளலாம்.

இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து இதுதான்: ஓர் ஆய்வின் தரம் மட்டும் அதை அரசின் முடிவாக்கிவிடுவதில்லை, கையேடு, விலைப்பட்டியல், அனுமதி நிபந்தனை, நீதிமன்ற உத்தரவு என்று முடிவெடுக்கும் அலுவலகம் ஏற்கெனவே கையாண்டு வரும் வடிவம் ஒன்றில் அது வந்து சேரும்போதே முடிவாகிறது. நீளவாக்கு இயக்கத்துக்கு அத்தகைய அலுவலகங்களும் வடிவங்களும் பல உள்ளன. குறுக்குவாக்கு இயக்கத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்பதற்கே பொறுப்பான அலுவலகம் இல்லை.

2. அறிவு முடிவாகும் வழிகள்: கோட்பாடுகள்

ஆய்வு கொள்கையாவது குறித்த கோட்பாடுகளில் மூன்று அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. அமெரிக்க அறிஞர் நேதன் கப்லான் 1979-இல் முன்வைத்த கருத்தின்படி, ஆய்வாளர்களும் ஆட்சியாளர்களும் வெவ்வேறு மொழியும் வெகுமதியும் கால அளவும் உடைய இரு தனிச் சமூகங்கள். இடைவெளிக்குக் காரணம் அந்த வேற்றுமையே. அதே ஆண்டில் கேரல் வைஸ், ஆய்வு நேரடியாக முடிவைத் தீர்மானிப்பது அரிது என்றும், நெடுங்காலத்தில் மெல்லப் பரவி ஒரு சிக்கலை அதிகாரிகள் பார்க்கும் விதத்தை மாற்றுவதே அதன் பெரும்பயன் என்றும் எழுதினார். 1984-இல் ஜான் கிங்டன், சிக்கல், தீர்வு, அரசியல் சூழல் ஆகிய மூன்று ஓட்டங்களும் தனித்தனியே சென்றுகொண்டிருக்க, அவை ஒன்றுசேரும் குறுகிய தருணத்தில் மட்டுமே கொள்கை பிறக்கிறது என்றார்.

நெரிசல் கட்டணத்தின் வரலாறு இம்மூன்றுக்கும் எடுத்துக்காட்டாக அமைகிறது. நெரிசல் மிக்க சாலையைப் பயன்படுத்துவோரிடம் அதற்கெனத் தனிக்கட்டணம் பெறலாம் என்று பிரித்தானிய அரசு அமைத்த ஸ்மீட் குழு 1964-இல் அறிக்கை அளித்தது. லண்டன் அதை நடைமுறைப்படுத்தியது 2003 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் சிங்கப்பூர் 1975-லேயே உரிமச்சீட்டு முறையில் அதைச் செய்துகாட்டிவிட்டது. ஸ்டாக்ஹோம் நகரம் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை வெள்ளோட்டமாகக் கட்டணம் வசூலித்து, விளைவை அளந்து வெளியிட்டு, செப்டம்பரில் பொதுவாக்கெடுப்பு நடத்தி, 2007-இல் நிலையான திட்டமாக்கியது. தொடக்கத்தில் எதிர்த்த நகரவாசிகளின் கருத்தை மாற்றியதில், சாலையில் போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததை அவர்களே கண்ணால் கண்டதற்குப் பெரும்பங்குண்டு. ஆய்வையும் முடிவையும் அடுத்தடுத்த இரு கட்டங்களாக வைக்காமல், சிறிய, திரும்பப் பெறத்தக்க முடிவொன்றையே ஆய்வாக நடத்தலாம் என்பது ஸ்டாக்ஹோம் தரும் பாடம்.

3. பஞ்ச ஆணையமும் மொரப்பூர் ரயில் பாதையும்

தருமபுரி வட்டாரத்தில் ஆய்வு முடிவான முதற்பெரும் நிகழ்வு பிரித்தானிய ஆட்சிக் காலத்தைச் சேர்ந்தது. 1876-78 பெரும்பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது; தருமபுரியும் அப்போது அம்மாவட்டத்தின் பகுதியே. பஞ்சத்தின் காரணங்களை ஆராய ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த ஆணையம் 1880-இல் அளித்த அறிக்கை, தானியம் விரைந்து சென்று சேராத வறண்ட பகுதிகளுக்கு ரயில் பாதைகள் அமைக்க வேண்டும் என்றும், நாட்டுக்கு மொத்தம் 20,000 மைல் பாதை தேவை என்றும், அதில் 5,000 மைல் உடனடியாக வேண்டும் என்றும் கணக்கிட்டுக் கூறியது. வருவாய் ஈட்டும் பாதை, பஞ்சத்திலிருந்து காக்கும் பாதை என்று ரயில் பாதைகளை வகைபிரித்து, பின்னதற்கு இலாபக் கணக்கைத் தளர்த்தியதே இந்தச் சிந்தனையின் முதன்மையான பயன்.

அந்த அடிப்படையில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலமுள்ள குறும்பாதை 1906-இல் திறக்கப்பட்டது. 1913-இல் அது ஓசூர்வரை நீண்டது. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குறும்பாதையும் இதே நோக்கில் அமைந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941-இல், மொரப்பூர்–ஓசூர் பாதை மூடப்பட்டது. பஞ்சக் காப்பு என்ற நோக்கம் ஓர் அறிக்கையின் கணக்கால் நிறுவப்பட்டிருந்தும், பாதை இயங்கிய ஆண்டுகளில் அது மக்களுக்கு என்ன பயன் தந்தது என்பதை அளக்கும் ஏற்பாடு எதுவும் உடன் அமையாததால், போர்க்காலத் தேவை குறுக்கிட்டபோது இப்பாதைக்காகப் பேச இலாப நட்டக் கணக்கைத் தவிர வேறு சான்று இல்லாமற்போயிற்று. மொரப்பூர்–தருமபுரி இணைப்பை 36 கி.மீ. அகலப்பாதையாக மீட்டெடுக்கும் திட்டத்துக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இன்றைய சேலம்–பெங்களூரு பாதை தருமபுரியிலிருந்து பாலக்கோடு வழியே ஓசூர் செல்வதால், காரிமங்கலத்துக்கு நெடுஞ்சாலையே இன்றும் முதன்மைப் பற்றுக்கோடு.

4. ஆய்வைக் கையேடாக்கிய நிறுவனங்கள்

சாலைத்துறையில் ஆய்வையும் நிருவாகத்தையும் இணைக்கும் அமைப்புகள் இந்தியாவில் முன்கூட்டியே உருவாயின. எம்.ஆர். ஜெயகர் தலைமையிலான சாலை மேம்பாட்டுக் குழு 1927-இல் அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளின் வழியே பெட்ரோல் வரியைக் கொண்டு 1929-இல் மத்திய சாலை நிதியும், 1934-இல் பொறியாளர்களின் கூட்டமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசும், பின்னர் புதுதில்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனமும் தோன்றின. தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைத் துறையின் ஆராய்ச்சி நிலையம் சென்னை கிண்டியில் இயங்குகிறது; அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் ஆய்வுக்கும் பயிற்சிக்குமெனச் சாலைப் போக்குவரத்து நிறுவனம் 1976-இல் தரமணியில் தொடங்கப்பட்டது.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிடும் வழிகாட்டி நூல்களே ஆய்வு அலுவலகத்துக்குள் நுழையும் வாயில். உலக வங்கியின் துணையுடன் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தி 1982-இல் முடித்த சாலைப் பயனர் செலவு ஆய்வு இதற்குத் தக்க சான்று. சாலையின் மேடுபள்ளம், அகலம், ஏற்றம் ஆகியவற்றுக்கேற்ப எரிபொருள், டயர், பழுதுபார்ப்புச் செலவுகள் எவ்வாறு மாறுகின்றன என்பதை அது அளந்தது. அந்தச் சமன்பாடுகள் நெடுஞ்சாலைத் திட்டங்களின் பொருளாதார மதிப்பீட்டுக் கையேட்டில் இடம்பெற்று, பின்வந்த திட்ட அறிக்கைகளுக்கு அடிப்படையாயின.

கையேடாக மாறிய ஆய்வின் வலிமையும் குறையும் அதிலேயே அடங்கியுள்ளன. ஒரு சாலையால் மிச்சமாகும் நேரத்தைப் பயணியின் வருவாயைக் கொண்டு பணமாக மதிப்பிடுவது இம்முறையின் வழக்கம். அக்கணக்கில் காரில் செல்பவரின் அரை மணி நேரம் அதிக மதிப்பும், களையெடுக்கப் போகும் பெண்ணின் அரை மணி நேரம் மிகக் குறைந்த மதிப்பும் பெறுகின்றன. நடந்து செல்பவர் பல வேளைகளில் கணக்கிலேயே வருவதில்லை. நெடுஞ்சாலையைக் கடப்பவரைவிட அதன்மீது ஓடுபவருக்குச் சாதகமான முடிவுகள் தொடர்ந்து வருவதற்கு அதிகாரிகளின் மனச்சாய்வு மட்டும் காரணமன்று. கையேட்டின் கணக்குமுறையும் காரணம்.

ஓர் ஆய்வு எளிதாகக் கொள்கையாவதற்கு மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலை நுட்பம் சிறந்த எடுத்துக்காட்டு. சூடேற்றிய ஜல்லியின்மீது துண்டாக்கிய பிளாஸ்டிக் கழிவைத் தூவினால் அது உருகிக் கல்லின்மேல் படலமாகப் படிந்து, தாரின் பிடிப்பைக் கூட்டுவதோடு தாரின் தேவையிலும் ஒரு பகுதியைக் குறைக்கிறது என்பது அவர் கண்டது. 2000-களின் தொடக்கத்தில் சோதனைச் சாலைகள் போடப்பட்டன. 2006-இல் காப்புரிமை கிடைத்தது. 2013-இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டி நூல் வெளியிட்டது. 2015-இல் ஒன்றிய அரசு பெருநகரங்களை ஒட்டிய நெடுஞ்சாலைப் பணிகளில் இதைப் பயன்படுத்தப் பணித்தது. புதிய எந்திரமோ புதிய அலுவலகமோ தேவைப்படாமல், ஒப்பந்ததாரர் ஏற்கெனவே வைத்திருந்த தார் கலவை ஆலையிலேயே செய்யத்தக்கதாகவும், மதிப்பீட்டில் ஒரு வரியைச் சேர்த்தாலே போதுமானதாகவும் இருந்ததே இதன் வெற்றிக்குக் காரணம். எவருடைய வசதியையும் பறிக்காத ஆய்வு விரைந்து ஏற்கப்படுகிறது. சாலையிடத்தை ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவருக்குக் கொடுக்கச் சொல்லும் ஆய்வுக்கு அந்த வாய்ப்பு அமைவதில்லை.

5. தொப்பூர் கணவாய்: சாலைப் பாதுகாப்பும் நீதிமன்றமும்

காரிமங்கலத்தைத் தொட்டுச் செல்லும் அதே நெடுஞ்சாலை, தருமபுரிக்குத் தெற்கே சேலத்தை நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. வளைவும் சரிவும் சேர்ந்த அந்தப் பகுதியில், பாரம் ஏற்றிய லாரிகள் தொடர்ந்து பிரேக்கை அழுத்தியபடி இறங்குவதால் பிரேக் சூடேறிப் பிடிப்பிழப்பதும், டீசலை மிச்சப்படுத்த வண்டியை நியூட்ரலில் விட்டு இறக்கும் பழக்கமும் விபத்துகளுக்குக் காரணங்களாகப் பேசப்படுகின்றன. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் பல வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி உயிரிழப்பு நேர்ந்தபோது கணவாய் நாடெங்கும் பேசப்பட்டது. வேகக் கட்டுப்பாடு, எச்சரிக்கைப் பலகை, காவல் கண்காணிப்பு ஆகியவற்றுக்குப் பிறகு, ஏறத்தாழ 6.6 கி.மீ. நீளத்துக்கு உயர்மட்டச் சாலை அமைக்கச் சுமார் 775 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது.

இத்தகைய இடங்களைக் குறிக்கும் 'கரும்புள்ளி' என்னும் வகைப்பாடே ஆய்விலிருந்து நிருவாகத்துக்கு வந்ததுதான். ஏறத்தாழ 500 மீட்டர் நீளச் சாலைப் பகுதியில், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்படுத்திய விபத்துகள் ஐந்து நேர்ந்திருந்தாலோ, பத்துப் பேர் இறந்திருந்தாலோ அது கரும்புள்ளி என்பது ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறை. இந்த எண்ணிக்கை வரம்பு இருப்பதால்தான் தொப்பூருக்கு நிதி கோர முடிகிறது. ஆனால் ஒரே இடத்தில் குவியாமல், ஊர்தோறும் சர்வீஸ் ரோடு முடியும் இடத்திலும், நடுத்திட்டின் திறப்பிலும், கிராமச் சாலை நெடுஞ்சாலையைத் தொடும் கூட்டு ரோட்டிலும் ஆண்டுக்கு ஒருவர் இருவராக நேரும் சாவுகள் இந்த வரையறைக்குள் விழுவதில்லை. காரிமங்கலம் போன்ற நான்குவழிச் சாலையோர ஊர்களின் ஆபத்து பெரும்பாலும் இத்தகைய சிதறிய ஆபத்தாகவே இருக்க, கரும்புள்ளி என்ற சொல்லாட்சி குவிந்த ஆபத்தையே காண்கிறது.

சாலைப் பாதுகாப்பில் அறிவை முடிவாக்கியதில் நீதிமன்றங்களின் பங்கு பெரிது. கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. மாநிலங்களிடம் ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் வழக்கம் அதனால் நிலைபெற்றது. தலைக்கவசம் மரண ஆபத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்பது 2008-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வின் முடிவு. தமிழ்நாட்டில் 2007-லேயே பிறப்பிக்கப்பட்ட தலைக்கவச உத்தரவு தளர்ந்துபோய், 2015 ஜூலை முதல் உயர் நீதிமன்ற ஆணையால்தான் மீண்டும் இறுகியது.

எனினும் நீதிமன்றம் ஆய்வை எண்ணாக மாற்றும்போது அந்த எண் எளிதில் பேரத்துக்கு உள்ளாகிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற கே. பாலு வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. 2017 மார்ச் 31 அன்று, 20,000-க்கு மேற்படாத மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிப் பகுதிகளுக்கு அது 220 மீட்டராகக் குறைந்தது. அதே ஆண்டின் நடுவில் நகராட்சிப் பகுதிகளுக்கு விலக்கும் வந்தது. வேக வரம்பிலும் இதே இழுபறியைக் காணலாம். நிபுணர் குழுவின் பரிந்துரையின்படி நான்குவழி நெடுஞ்சாலைகளில் கார்களுக்கு 100 கி.மீ. வேகத்தை ஒன்றிய அரசு 2018 ஏப்ரலில் அனுமதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்துகள் ஏறத்தாழ நான்கு விழுக்காடு கூடும் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் நில்சனின் கணிப்பு ஒருபுறமும், எந்திரமும் சாலையும் மேம்பட்டுவிட்டன என்ற பொறியியல் வாதம் மறுபுறமும் நிற்க, இரண்டும் தம்மை ஆய்வு என்றே அழைத்துக்கொண்டன. எந்த ஆய்வு, யாருடைய பாதுகாப்பைப் பற்றிய ஆய்வு என்ற கேள்வி அங்கே தவிர்க்கவியலாததாகிறது.

தரவு அமைப்பிலும் தமிழ்நாடு முன்னோடியாக நின்றது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கத்தில் தேசியத் தகவலியல் மையம் நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் முதலில் தொடங்கப்பட்ட மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. மாநிலத்தில் 2016-இல் 17,218 பேர் சாலை விபத்துகளில் இறந்ததாகவும், 2019-இல் அது 10,525 ஆகக் குறைந்ததாகவும், 2022-இல் மீண்டும் 17,884 ஆனதாகவும் அரசுக் கணக்குகள் காட்டுகின்றன. குறைந்தபோது ஒரு திட்டத்தின் வெற்றியாகவும் கூடியபோது வாகனப் பெருக்கத்தின் விளைவாகவும் விளக்குவது எளிது. எந்த நடவடிக்கை எந்தச் சாலையில் எவ்வளவு உயிரைக் காத்தது என்று தனித்துச் சொல்லத்தக்க மதிப்பீடு உடன் நடத்தப்பட்டிருந்தால்தான் அந்த எண்கள் அடுத்த முடிவுக்குப் பயன்படும்.

6. ஊர்ச்சாலை, மிதிவண்டி, கட்டணமில்லாப் பேருந்து

குறுக்குவாக்கு இயக்கத்தைப் பொறுத்தவரை, முடிவு முந்தி ஆய்வு பிந்தும் வரிசையே அதிகம் காணப்படுகிறது. 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேருக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு முன்னுரிமை என்ற விதியை வைத்தது. அந்த வரம்புக்குச் சற்று மேலும் கீழுமான கிராமங்களை ஒப்பிட்டு சாம் ஆஷர், பால் நோவோசாட் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, புதிய சாலையின் முதன்மை விளைவு உழவை விட்டு வேறு வேலைக்குச் செல்வது எளிதானதே என்றும், வேளாண் விளைச்சல், வருவாய், சொத்து ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லை என்றும் கண்டது. ஊர்ச்சாலைச் செலவே வறுமையை மிக அதிகம் குறைக்கும் என்று 1990-களின் இறுதியில் ஃபேன், ஹேசல், தோரட் ஆகியோர் கூறியதோடு இது முரண்படுவதுபோல் தோன்றினாலும், இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஓர் உண்மை புலப்படும்: தார் போட்ட சாலை வாய்ப்பைத் திறந்துவைக்கிறது, அதன்மீது எந்த வண்டி, எத்தனை மணிக்கு, என்ன கட்டணத்தில் ஓடுகிறது என்பதே அந்த வாய்ப்பைப் பயனாக்குகிறது.

மிதிவண்டித் திட்டமும் அவ்வாறே. தமிழ்நாட்டில் 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, பின்னர் மேனிலைப் பள்ளி மாணவர் பிறருக்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தை அளந்து பார்த்த ஆய்வைவிட, 2006-இல் தொடங்கிய பீகார் திட்டத்தை அளந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோரின் ஆய்வே உலகறிந்ததாயிற்று. சிறுமியரின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை 32 விழுக்காடு கூடியதென்றும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததென்றும், பள்ளி தொலைவில் உள்ள ஊர்களிலேயே பயன் மிகுதி என்றும் அது காட்டியது. முன்னோடி மாநிலம் கொள்கையைத் தந்தது. அடுத்து வந்த மாநிலம் சான்றைத் தந்தது.

மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தில் ஆய்வு சற்று விரைந்து பின்தொடர்ந்தது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் நடைமுறைக்கு வந்த இத்திட்டத்தை மாநிலத் திட்டக் குழு நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர் ஆகிய இடங்களில் ஆராய்ந்து, பெண்கள் மாதந்தோறும் சராசரியாக 888 ரூபாய் சேமிப்பதாகக் கண்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் மானியம் என்று கணக்கிடப்பட்டது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கீடு 3,050 கோடி ரூபாயானது. பயணச் செலவு நீங்கினால் எத்தனை பேர் புதிதாகப் புறப்படுவார்கள் என்ற முன்மதிப்பீடு இன்றி எடுக்கப்பட்ட நல்ல முடிவு அது என்பதை இந்த ஏற்றம் உணர்த்துகிறது.

சேமிப்பைப் பற்றிய அந்த ஆய்வு பேருந்து ஓடும் தடங்களுக்கே பொருந்தும். பேருந்து வராத ஊரில் கட்டண விலக்கால் பயனில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்ததே மினி பஸ் திட்டம். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய பழைய திட்டம் 16 கி.மீ. சேவையற்ற தடமும் 4 கி.மீ. சேவையுள்ள தடமும் என்ற வரம்பைக் கொண்டிருந்தது. 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கப்பட்ட புதிய திட்டம் தடத்தின் நீளத்தை 25 கி.மீ. ஆக உயர்த்தி, அதில் பெரும்பகுதி சேவையற்ற தடமாக இருக்க வேண்டும் என்கிறது. கிலோமீட்டர் தளர்ந்தது; ஆனால் அளவுகோல் இன்னும் தொலைவாகவே உள்ளது. காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பஸ் வந்துபோகும் ஊர் தாளில் சேவை பெற்ற ஊராகும். பிற்பகல் வகுப்பு முடிந்த கல்லூரி மாணவிக்கும், சந்தையில் காய் விற்று முடித்தவருக்கும் அது சேவையற்ற ஊரே. தொலைவோடு நேர இடைவெளியையும் அளவுகோலாக்க வேண்டும் என்பது போக்குவரத்து ஆய்வில் நெடுங்காலமாக அறியப்பட்ட கருத்து. அனுமதி விதியாக அது இன்னும் எழுதப்படவில்லை.

7. கணக்கில் வராத பயணங்கள்

இந்த இடைவெளிக்கு அடிப்படை, எது எண்ணப்படுகிறது என்பதில் உள்ளது. வேலைக்குச் செல்லும் தொலைவையும் ஊர்தியையும் 2011 கணக்கெடுப்பு கேட்டது மிகப் பெரிய முன்னேற்றம். ஆயினும் உழவர், வேளாண் கூலித் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர் ஆகியோரை விடுத்து 'பிற தொழிலாளர்' என்ற வகையினரிடமே அது கேட்கப்பட்டது. நகரத்துக்கு இது சிறு குறை. தருமபுரி போன்ற மாவட்டத்துக்கோ உழைப்போரில் பெரும்பகுதியின் பயணம் பதிவாகாமலே போவதற்கு இது காரணம். தண்ணீருக்கும் ரேஷன் கடைக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் செல்லும் பயணங்கள், அவற்றுள் பெண்களுடையவை மிகுதி, இந்தக் கணக்கில் இல்லை.

எண்ணும் அலகே முடிவைத் தீர்மானிப்பதற்குத் தில்லி தனிப்பேருந்துத் தடம் சான்று. 2008-இல் திறக்கப்பட்ட 5.8 கி.மீ. தடத்தைப் பற்றி 2012-இல் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் வாகனங்களின் தாமதத்தைக் கணக்கிட்டுப் பாதகமான அறிக்கை தந்தது. தில்லி உயர் நீதிமன்றமோ சாலை கடத்திச் செல்ல வேண்டியது வாகனங்களை அல்ல, மனிதர்களை என்ற நோக்கில் தடத்தை அனுமதித்தது. எனினும் 2016-இல் அது அகற்றப்பட்டது. சான்று போதாமையால் அத்தடம் தோற்கவில்லை; காரில் செல்வோரின் குரல் பேருந்துப் பயணியின் எண்ணிக்கையைவிட வலுவாக ஒலித்தது.

தேவையைப் பெருக்கிக் காட்டும் ஆய்வுகளும் எச்சரிக்கையுடன் அணுகத்தக்கவை. பென்ட் ஃபிளிவ்பியர் குழுவினர் பல நாடுகளின் திட்டங்களை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ரயில் திட்டங்களின் பயணியர் முன்மதிப்பீடு உண்மையைவிடச் சராசரியாக இருமடங்குக்கும் மேல் இருந்தது. திட்டத்தால் பயனடைவோரே ஆய்வுக்கும் பணம் தரும்போது இது நேர்வது வியப்பன்று. ஆகவே ஆய்வைக் கொள்கையுடன் இணைப்பது என்ற கோரிக்கை, ஆய்வின் தற்சார்பைக் காப்பது என்ற கோரிக்கையையும் உள்ளடக்கியே இருக்க வேண்டும்.

8. மதிப்பீடும் பரிந்துரையும்

மேற்கண்ட நிகழ்வுகளைத் தொகுத்து நோக்கினால், கப்லான் கூறிய இரு சமூகங்களின் இடைவெளி இவ்வட்டாரத்துக்கு முழுமையாகப் பொருந்தவில்லை என்பது தெளிவாகும். பிளாஸ்டிக் சாலை, கரும்புள்ளி வரையறை, தலைக்கவசம் ஆகியவற்றில் ஆய்வாளரும் அதிகாரியும் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொண்டனர். பொருந்தாமை நேர்வது, கேட்கப்படாத கேள்வியில். தொப்பூரைப் பற்றிக் கேட்க நெடுஞ்சாலை ஆணையம் உண்டு. காரிமங்கலத்தைச் சுற்றிய ஒரு கிராமத்திலிருந்து பிற்பகல் மூன்று மணிக்கு எப்படி வீடு திரும்புவது என்று கேட்கும் கடமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை.

அந்தக் கடமையை ஏற்கத்தக்க இடம் மாவட்டத்திலேயே உள்ளது. பேருந்துத் தட அனுமதி வழங்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 215-ஆம் பிரிவு கருதும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் மாவட்ட ஆட்சியரே தலைமை வகிக்கிறார். இவ்விரு அமைப்புகளும் அடுத்த ஆண்டில் தாம் எடுக்கவிருக்கும் முடிவுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தரவு தேவை என்று முன்கூட்டியே அறிவித்தால், ஆய்வாளர் எதை, எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்பது தெளிவாகும்.

தரவுக்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. கட்டணமில்லாப் பயணத்துக்கும் நடத்துநர் சீட்டு வழங்குவதால், எந்த நிறுத்தத்தில் எத்தனை பெண்கள் ஏறினர் என்ற கணக்கு போக்குவரத்துக் கழகத்திடம் நாள்தோறும் சேர்கிறது. பெயரோ அடையாளமோ இல்லாத அந்த எண்களை நிறுத்தவாரியாக வெளியிடுவதே முதற்படி. ஏறியவரை அந்தச் சீட்டு காட்டும். பஸ் இல்லாமல் ஏறாமற்போனவரைக் காட்டாது. அந்த மறுபாதியைக் காரிமங்கலம் மகளிர் கல்லூரி போன்ற உள்ளூர்க் கல்லூரிகளின் மாணவியர் எளிய பயணக் குறிப்பேட்டின் வழியே பதிவுசெய்யலாம். அவர்களே அப்பயணத்தின் அன்றாட அறிஞர்கள். புதிய மினி பஸ் தடத்தையோ நெடுஞ்சாலை நடுத்திட்டுத் திறப்பின் மாற்றத்தையோ ஆறு மாத வெள்ளோட்டமாக விட்டு, முன்னும் பின்னும் அளந்து, பிறகு நிலைப்படுத்துவது ஸ்டாக்ஹோம் காட்டிய வழியின் உள்ளூர் வடிவம்.

இவை அனைத்துக்கும் மேலாக வேண்டுவது ஒரு சட்ட ஒழுங்கு. இந்திய நிருவாகச் சட்டம், ஒருவரின் உரிமையைப் பாதிக்கும் ஆணை காரணங்களைக் கூற வேண்டும் என்று நெடுங்காலமாக வற்புறுத்தி வருகிறது. அதே நெறியைப் போக்குவரத்து முடிவுகளுக்கும் விரித்து, தன்முன் வைக்கப்பட்ட சான்றை ஏற்றதற்கோ மறுத்ததற்கோ காரணத்தை ஆணையிலேயே எழுதும் கடப்பாட்டை அரசு ஏற்க வேண்டும். அரசியல் காரணத்துக்காக ஓர் ஆய்வை மறுக்கும் உரிமை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கு உண்டு. காரணம் சொல்லாமல் மறுக்கும் உரிமை இருக்கக் கூடாது. கேள்வியை மாவட்டம் கேட்பதும், சான்றை ஊர் தருவதும், காரணத்தை ஆணை சொல்வதும் நடைமுறையானால், போக்குவரத்து ஆய்வு நெடுஞ்சாலையோடு நின்றுவிடாமல் அதைக் கடக்கும் மக்களுக்கும் பயன்படும்.